போலி வரலாறு, ஐதிகம், போலிப் பழம்பொருள்: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி அருகே உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டைப் பார்த்துவிட்டு வருபவர்கள், பரணில் பழைய காசோ ஓலையோ கண்டெடுத்தவர்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறுபவர்கள், பள்ளியில் வரலாறு நடத்துபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றவில்லை. எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

போலி வரலாறுன்னா என்ன? தப்பான வரலாறு எல்லாமே போலி வரலாறுதானா?

தப்பாகிப்போன வரலாறு வேறு, போலி வரலாறு வேறு. ஓர் ஆய்வாளர் கையில் இருக்கும் சான்றை வைத்து ஒரு முடிவு சொல்கிறார். பிறகு புதுச் சான்று கிடைத்து அந்த முடிவு விழுந்துவிடுகிறது. அது பிழை. ஆய்வு நடக்கும் இடத்தில் பிழையும் இருக்கும். போலி வரலாற்றில் முடிவுதான் முதலில் வரும். அதற்கு ஒத்துவருவதை மட்டும் பொறுக்கிக்கொள்வார்கள், ஒத்துவராததைச் 'சதி செய்து மறைத்துவிட்டார்கள்' என்று ஒதுக்குவார்கள். "என்ன சான்று வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிழை செய்த ஆய்வாளர் பதில் சொல்வார். போலி வரலாற்றுக்காரரிடம் பதில் இருக்காது.

மூன்றாவதாக ஐதிகம் இருக்கிறது. தலபுராணம், குலதெய்வக் கதை, ஊர்ப்பெயர்க் கதை எல்லாம் அதில் சேரும். அது யாரையும் ஏமாற்றப் பிறந்ததல்ல. அதைப் போலி வரலாற்றோடு சேர்ப்பது அநியாயம்.

அப்போ அப்பர் கல்லோட மிதந்து கடலூர்ல கரையேறினது பொய்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. அதை ஐதிகம் என்ற வகையில் வைக்கிறோம். அப்பர் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கதையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். இடையில் சுமார் ஐந்நூறு ஆண்டுகள். கல்லோடு கடலில் தள்ளினாலும் நமச்சிவாயமே துணை என்று பாடும் பதிகம் அப்பர் பெயரிலேயே இருக்கிறது. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. இவை நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்றுகள்.

கதையைச் சுற்றியுள்ள சூழலுக்குத் தனிச் சான்று உண்டு. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் சமண மையம் இருந்தது. லோகவிபாகம் என்ற சமண நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகையில் (திருப்பாதிரிப்புலியூரின் பழம்பெயராகக் கருதப்படுவது) எழுதப்பட்டதாக அந்த நூலே குறிக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வேறு நெறியிலிருந்து சிவநெறிக்குத் திரும்பியதைத் திருச்சி மலைக்கோட்டைக் கல்வெட்டு குறிப்பாகச் சொல்கிறது. ஆக, சமயப் போட்டி நடந்தது வரலாறு, கல் மிதந்தது ஐதிகம். "பல்லவர் காலத்திலேயே புவியீர்ப்பை வெல்லும் தொழில்நுட்பம் இருந்தது" என்று யாராவது தொடங்கினால், அந்த இடத்தில்தான் போலி வரலாறு நுழைகிறது.

திருவக்கரையில கிடக்கிறது அசுரன் எலும்பா, டைனோசர் எலும்பா?

இரண்டும் இல்லை, மரம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று மணலில் புதைந்த அடிமரங்களில் நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா ஊறி, மரத்தின் இழைகள் இருந்த இடத்தைக் கல்லாக நிரப்பிவிட்டது. அவை கிடக்கும் பாறை அடுக்குக்குப் புவியியலில் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் நார்வரிகள் தெரியும். எலும்பாக இருந்தால் கடற்பஞ்சு போன்ற துளைகள் தெரியும். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டு ஆகிறது என்பதால் காலமும் பொருந்தாது. இந்தக் கல்மரங்கள் கிடக்கும் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் இருக்கிறது, சில்லு எடுத்து வருவதும் குற்றம்.

சரி, ஒரு விஷயம் காதுக்கு வந்தா அதை எந்த வகையில போடுறதுன்னு எப்படி முடிவு பண்றது?

பொருளையும் கதையையும் பிரித்து, தனித்தனியாகக் கேள்வி கேளுங்கள். பொருள் உண்மையிலேயே சொல்லப்படும் காலத்ததா? அதைப் பற்றிச் சொல்லும் கதை உண்மையா? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்குக் கடன் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான ஏமாற்று இந்தக் கடனில்தான் நடக்கிறது.

பொருள் உண்மை, கதையும் உண்மை என்றால் சிக்கல் இல்லை. பொருள் உண்மை, கதை பொய் என்பதுதான் மிக ஆபத்தானது. பொருளைச் சோதித்து 'அசல்' என்று தெரிந்ததும் கதையையும் சேர்த்து நம்பிவிடுகிறோம். பொருள் புதிது, அதைப் பழசு என்று விற்றால் அது போலி. அதே பொருளை 'நகல்' என்று சொல்லியே விற்றால் குற்றமில்லை, சுவாமிமலைச் சிற்பிகள் காலங்காலமாகச் செய்வது அதுதான். இன்னொன்று கற்பனைப் பொருள்: அசல் என்று ஒன்று இருந்ததே இல்லை, ஆனால் 'பழைய பொருள்' சந்தையில் ஓடும். கடைசியாக ஒட்டுப்பொருள்: பழைய பீடம், புதுச் சிலை, அல்லது பழைய ஓலைக்கட்டில் செருகிய புது ஓலை. ஒரு பாகத்தை மட்டும் சோதித்துவிட்டு முழுவதுக்கும் தீர்ப்பு எழுதினால் இதில் மாட்டிக்கொள்வோம்.

பொருள் அசல், கதை மட்டும் பொய். அதுக்கு உதாரணம் சொல்லுங்க.

நியூசிலாந்துத் தமிழ் மணி. 1836இல் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது கவிழ்த்த மணி. மேலே தமிழ் எழுத்து. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் இருக்கிறது. மணி அசல்தான், இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "தமிழர்கள்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள்" என்பது அதன்மேல் ஏற்றிய கதை. மணியில் ஆண்டு இல்லை, அது மண்ணடுக்கிலிருந்து தோண்டி எடுத்ததும் இல்லை. முஸ்லிம் பெயர் கொண்ட தமிழ்க் கப்பல் உரிமையாளர் ஒருவர் இருந்தார் என்பதை அது உறுதியாகச் சொல்கிறது. நம் கடலோர மரைக்காயர்களின் வணிகத்துக்கு அதுவே அருமையான சான்று, அதற்குமேல் அதன்மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

நம் மாவட்டத்திலேயே இன்னொன்று உண்டு. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடுபோய், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. சிலை அசல், அது கைமாறிய வரலாற்றைச் சொன்ன காகிதங்கள் போலி. சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது. உடைந்த இடமும் சிதைவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அந்த நிறுவனத்தில் கோயில், சிற்பம் பற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலின் சிலைகளையும் இன்றே நாலு பக்கமும், பின்புறம் உட்பட, அளவுகோல் வைத்துப் படமெடுத்து வையுங்கள்.

குண்டு கிராமம், ஆயி மண்டபம், கடலூர்ல பிடிபட்ட சுவீடன் ராஜா... இதுல எது நிஜம்?

கேட்க நம்பமுடியாததாக இருக்கும் குண்டு கிராமக் கதைதான் நிஜம். 1690இல் கடலூர் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது ஒப்பந்தம். நாலாபுறமும் சுட்டு எல்லை குறித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அக்கால ஆவணங்களிலேயே இது இருக்கிறது.

புதுச்சேரிப் பூங்காவில் உள்ள ஆயி மண்டபம் கலப்பு வகை. கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) விளக்கொளியில் தாசி ஆயியின் வீட்டைக் கோயில் என்று எண்ணி வணங்கியதும், உண்மை தெரிந்து அதை இடிக்கச் சொன்னதும், அவள் அந்த இடத்தில் குளம் வெட்டியதும் ஐதிகம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852–1870) முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததும், மண்டபம் எழுந்ததும் வரலாறு. கட்டடம் 19ஆம் நூற்றாண்டுடையது என்பதால் கதை நிரூபணமாகிவிடாது.

சுவீடன் மன்னர் கதை விழுந்துபோகிறது. 1783 கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயர் பிடித்த பிரெஞ்சு சார்ஜென்ட் ஒருவர்தான் பின்னாளில் சுவீடன் மன்னரான பெர்னடோட் என்று பழைய ஆங்கில நூல்கள் எழுதின. பெர்னடோட் சார்ஜென்ட் ஆனதே 1785இல். அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் அந்த ஆண்டுகளில் அவர் கோர்சிகாவிலும் பிரான்சிலும் இருந்ததைக் காட்டுகிறார்கள். பதவி, ஆண்டு, இடம் மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்தால் இப்படிப்பட்ட கதைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அரிக்கமேடு ரோமானியர் கட்டின ஊர்தானே? புத்தகத்துலயே இருக்கே.

பழைய புத்தகத்தில் இருக்கும். 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியச் சிவப்புப் பாண்டத் துண்டுகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் கண்டு, இதை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்றார். அந்த இறக்குமதிகள் அசல், ஐயமில்லை. ஆனால் உட்புறத்தில் புள்ளி வளையங்கள் கொண்ட ரூலெட் பாண்டத்தையும் மேற்கிலிருந்து வந்ததாக அவர் கருதினார். பிறகு களிமண்ணை ஆராய்ந்ததில் அது இந்திய மண்ணில் செய்தது என்று தெரிந்தது. 1989–92இல் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே குடியிருப்பு இருந்ததையும் அதன் பிறகும் தொடர்ந்ததையும் காட்டியது.

ஆக, நம் மக்கள் வாழ்ந்த துறைமுகத்துக்கு ரோமானியச் சரக்கு வந்தது. வீலர் செய்தது முதல் பதிலில் சொன்ன 'பிழை' வகை. அவர் எந்தத் துண்டு எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான் பின்வந்தவர்கள் அவரையே திருத்த முடிந்தது.

சிதம்பரம் உலகத்தோட காந்த மையம்னு, பஞ்சபூதத் தலமெல்லாம் ஒரே நேர்க்கோட்டுலன்னு ஃபார்வர்டு வருதே?

காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடும் கோடு. கோட்டுக்கு மையம் கிடையாது. அது இந்தியாவின் தென்கோடியைக் கடக்கிறது, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. அதை ஆராயும் நிலையத்தைத் திருநெல்வேலியில் வைத்திருப்பதே அதனால்தான்.

நேர்க்கோட்டுக் கதையை மொபைல் வரைபடத்தில் நீங்களே பார்க்கலாம். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளத்தி மூன்றும் 79° 41′, 79° 42′ தீர்க்கரேகையை ஒட்டி வருகின்றன, இது உண்மை. திருவண்ணாமலை 79° 4′, திருவானைக்கா 78° 42′. நம் பக்கத்தில் தீர்க்கரேகையின் ஒரு கலை (′ குறி, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். அப்படியானால் திருவண்ணாமலை கோட்டிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேலும், திருவானைக்கா நூறு கிலோமீட்டருக்கு மேலும் விலகி நிற்கின்றன. ஐந்தில் மூன்றைச் சொல்லி ஐந்தும் என்று முடிப்பதுதான் இதில் செய்யும் வேலை. பாடல் பெற்ற தலங்களே 276. அத்தனை கோயில் உள்ள நாட்டில் ஏதாவது மூன்று ஒரு கோட்டில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இத்தகைய ஃபார்வர்டுகளில் சான்றாகக் காட்டப்படும், சுவிட்சர்லாந்தின் செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் உள்ள நடராசர் சிலை 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. அதை வைத்து எந்த விஞ்ஞான முடிவையும் எடுக்க முடியாது.

குமரிக்கண்டமும் போலி வரலாறா? சிலப்பதிகாரத்துலயே இருக்கே சார்!

மூன்று வெவ்வேறு விஷயங்கள் இதில் பின்னிக்கிடக்கின்றன, பிரித்தால் தெளியும். ஒன்று, இலக்கிய நினைவு. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அடியார்க்கு நல்லார் உரை அதை 700 காவதம் (பழைய தூர அளவு), 49 நாடுகள் என்று விரிக்கிறது. இரண்டு, அறிவியல் ஊகம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகளின் தடம் ஏன் இருக்கிறது என்று விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் மூழ்கிய நிலம் ஒன்றை ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகம் தேவையற்றுப் போனது. மூன்று, இவ்விரண்டையும் ஒட்டவைத்து, இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரந்த தமிழ்க் கண்டம் என்று வரைந்த வரைபடங்கள். முதலாவது ஐதிகம், இரண்டாவது கைவிடப்பட்ட கருதுகோள், மூன்றாவதுதான் போலி வரலாறு.

மூன்று சங்கங்களின் காலக்கணக்கையும் கவனியுங்கள். இறையனார் அகப்பொருள் உரை 4440, 3700, 1850 ஆண்டுகள் என்கிறது. மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும்: 120, 100, 50. ஆண்டுகளை எண்ணி எழுதிய குறிப்பு இப்படி வராது. இது அமைத்த எண்.

அப்போ கடல் கொண்டதே கிடையாதா?

கொண்டது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கை நம்மோடு சேர்ந்திருந்தது, குமரிக்குத் தெற்கிலும் கரை நீண்டிருந்தது. ஆனால் அதைத் தாண்டிக் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். அங்கே கண்டத்துக்கு இடமில்லை. 2004 டிசம்பர் 26இல் தேவனாம்பட்டினத்தில் நடந்ததைக் கண்டவர்களுக்கு, கடல்கோள் நினைவு எப்படிப் பாட்டில் ஏறும் என்று விளக்க வேண்டியதில்லை. நிலம் இழந்த நினைவு உண்மையான அனுபவத்தில் பிறந்திருக்கலாம் என்பது நியாயமான பேச்சு. அதற்குக் கண்டம் வேண்டாம்.

அரிக்கமேட்டு மணின்னு விக்கிறாங்க. வாங்கலாமா? அசலான்னு எப்படிப் பார்க்கிறது?

வாங்காதீர்கள். அசலாக இருந்தால் பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து திருடியது, போலியாக இருந்தால் பணம் போச்சு. இரண்டிலும் நட்டம் உங்களுக்குத்தான்.

பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். அரிக்கமேட்டில் மிகுதியாகக் கிடைத்த சிறு கண்ணாடி மணிகள் இழுத்துச் செய்தவை: உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனையை மழுக்குவார்கள். அதனால் உள்ளே உள்ள குமிழும் கோடும் துளைக்கு இணையாக ஓடும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் கோடு துளையைச் சுற்றி வரும். அச்சில் வார்த்ததில் பக்கவாட்டில் தையல்கோடு தெரியும். கார்னீலியன் என்ற செந்நிறக் கல் போன்றவற்றில் செய்த கல்மணியில் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சேர்த்திருப்பார்கள், சேருமிடத்தில் சிறு பிசகு இருக்கும். ஒரே சீராக, வழவழப்பாக நேராகப் போகும் துளை பெரும்பாலும் இயந்திரத்தினுடையது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இழுத்துச் செய்யும் அதே முறையில் ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் காலத்திலும் மணி செய்கிறார்கள். எனவே முறை சரியாக இருப்பதாலேயே மணி ஈராயிரம் ஆண்டுப் பழமை பெற்றுவிடாது. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதனோடு கிடைத்தது என்பதுதான் காலத்தைச் சொல்லும். கையில் வந்து விழுந்த மணிக்கு அந்த விவரம் போய்விட்டது. உண்மையானவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள், கண் பழகும்.

வீட்டுல ராமர் படம் போட்ட 1818 கம்பெனிக் காசு இருக்கு. லட்சக்கணக்கில போகுமாமே?

போகாது. ராமர், அனுமன் உருவம் போட்ட அணாக் காசைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிடவே இல்லை. மேலே சொன்ன 'கற்பனைப் பொருள்' வகைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கோயில்களில் வழங்கிய ராமர் பட்டாபிஷேக வில்லைகள் தனி மரபு, அவை நாணயம் அல்ல. புதுச்சேரியின் உண்மையான பழங்காசு பார்க்க ஆசை இருந்தால், ஒருபுறம் பிரெஞ்சு அல்லிமலரும் மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்றும் உள்ள செப்புத் துட்டைத் தேடிப் பாருங்கள்.

காசை வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கா?

இருக்கிறது, அசல் என்று நிரூபிக்க அல்ல, போலியைக் கழிக்க. முதலில் காந்தம்: வெள்ளி, பொன், செம்பு எதுவும் ஒட்டாது. அடுத்து விளிம்பு: அக்காலக் காசுகளில் பெரும்பாலானவை அச்சு வைத்து அடித்தவை. போலியை அச்சுக்குழியில் வார்ப்பார்கள், அதனால் விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம், முகத்தில் ஊசிமுனைக் குழிகள், சோப்பு கரைந்தாற்போல் மழுங்கிய எழுத்து தெரியும். ஒரே இடத்தில் ஒரே தேய்மானமும் ஒரே கீறலும் உள்ள இரண்டு காசு கிடைத்தால் இரண்டில் ஒன்றாவது போலி.

பிறகு அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். உலர்ந்த காசை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கி அடியைத் தொடாதபடி பிடியுங்கள். அப்போது காட்டும் எண்ணால் உலர் எடையை வகுக்க வேண்டும். வெள்ளி 10.5, செம்பு 8.96, ஈயம் 11.3, பொன் 19.3. அகஸ்டஸ் கால ரோமானிய வெள்ளிக்காசு சுமார் 3.9 கிராம், தண்ணீரில் 0.37 காட்டினால் சரி, 0.45 காட்டினால் அது பித்தளை அல்லது செம்புமேல் பூச்சு. காசில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அடர்த்தி குறைவாக வரும், தட்டிவிட்டு மறுபடி நிறுங்கள். களிம்பு ஏறிய காசில் இந்தக் கணக்கு செல்லாது. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவே கூடாது. காசும் கெடும், சான்றும் போகும்.

பச்சைக் களிம்பு ஏறியிருந்தா சிலை பழசுதானே? ஐம்பொன்னுல தங்கம் நிறைய இருக்குமாமே?

பச்சை நிறத்தை ஒரு வாரத்தில் வரவழைக்கலாம். உப்பும் அமிலமும் தடவி, நவச்சாரம் பூசி, சாணத்திலோ ஈர மண்ணிலோ புதைத்தால் போதும். அப்படி வந்தது மேலாகப் படிந்திருக்கும். மேடு பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே பச்சை. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் மறைவான ஓர் இடத்தில் தொட்டால், சாயமாக இருந்தால் பஞ்சில் வந்துவிடும். நீண்டகாலக் களிம்பு அடுக்கடுக்காக இருக்கும்: உலோகத்தை ஒட்டிச் செந்நிற அடுக்கு, அதன்மேல் பச்சை. வழிபாட்டில் தேய்ந்த சிலையில் பாதம், முழங்கால், முகம் என்று அபிஷேகக் கை படும் இடங்கள் வழவழக்கும், இடுக்குகள் கூர்மையாக இருக்கும். போலியில் தேய்மானம் கை படாத இடத்திலும் வரும்.

தங்கம் நிறைய என்பது வீண் நம்பிக்கை. பழைய செப்புத் திருமேனிகளை ஆராய்ந்ததில் பெரும்பகுதி செம்புதான், உடன் ஈயமும் வெள்ளீயமும். பொன் இருந்தாலும் துளிதான். இந்த நம்பிக்கையால் உருக்கித் தொலைத்த சிலைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாயிரம் வருஷத்து ஓலைச்சுவடி, செப்பேடுன்னு காட்டுறாங்க. எழுத்தை வெச்சே கண்டுபிடிக்கலாமா?

பல நேரம் முடியும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அதனால்தான் படி எடுத்துப் படி எடுத்து நூல்களைக் காத்தார்கள். 'சங்க கால ஓலை' என்று யாராவது நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து லென்ஸில் பாருங்கள்: எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி அப்பியிருக்க வேண்டும். பள்ளமே இல்லாமல் மேலே மை இருந்தால் பேனா வேலை.

எழுத்துக்கும் காலம் உண்டு. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இன்றைய வடிவில் நிலைபெற்றது வீரமாமுனிவர் (1680–1747) காலத்துக்குப் பின். ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகிய இன்றைய வடிவங்கள் 1978இல் அரசாணையால் வந்தவை, 1935 முதலே பெரியாரின் குடியரசு இதழில் பழகியவை. நூற்றாண்டுப் பழமை பேசும் செப்பேட்டில் 'லை' இன்றைய வடிவில் இருந்தால் வேறு சோதனை வேண்டாம்.

மூன்றாவது சோதனை தேதி. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1987, 1927, 1867, 1807, 1747இல் தொடங்கியது. 1747இலிருந்து எண்ணினால் 1760 சித்திரையில் 14ஆவதான விக்கிரம தொடங்கும். எனவே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 ஜனவரி, விக்கிரம வருடம் தை மாதம். அந்நாளைய ஆவணம் என்று காட்டுவதில் வேறு ஆண்டுப்பெயர் இருந்தால் கேள்வி கேளுங்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும். கிழமையும் திதியும் இருந்தால் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளில் சரிபார்க்கலாம். போலிச் செப்பேடு புதிதல்ல: நில உரிமைக்காக அந்தக் காலத்திலேயே பொய்ச் செப்பேடு செய்தார்கள், 1901இல் கல்வெட்டு அறிஞர் ஃபிளீட் அவற்றுக்குத் தனிப் பட்டியலே போட்டார். பாகூரில் கிடைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, வித்தியாஸ்தானத்துக்கு (கல்விக்கூடம்) மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லும் அசல் ஏடு. அசல் எப்படி இருக்கும் என்று பழக அதன் படங்களைப் பாருங்கள்.

கார்பன் டேட்டிங் பண்ணிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமே?

கரிமக் கணிப்பு ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்கு மட்டும்: கரி, மரம், எலும்பு, நெல், ஓலை. கல்லுக்கும் உலோகத்துக்கும் செய்ய முடியாது. "சிலைக்குக் கார்பன் டேட்டிங் செய்த சான்றிதழ்" என்று யாராவது காட்டினால் அந்தச் சான்றிதழே போலி. சுட்ட மண்ணுக்கு வெப்ப ஒளிர்வு முறை உண்டு. அது கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று சொல்லும்.

ஓலையில்கூடக் கணிப்பு சொல்வது மரத்திலிருந்து ஓலை வெட்டிய காலத்தை. எழுதியது எப்போது என்று அது சொல்லாது. பழைய வெற்று ஓலையில் புதிதாக எழுதினால் ஆய்வகம் ஏமாறும், எழுத்து ஏமாறாது. கீழடியில் கி.மு. 580 என்று வந்தது குறிப்பிட்ட ஆழத்தில் எடுத்த கரி மாதிரிக்கு. அதை ஐம்பதாயிரம் ஆண்டு என்று ஏற்றி அனுப்புபவர்கள் கீழடிக்குப் பெருமை சேர்க்கவில்லை, அதன் நம்பகத்தைக் கெடுக்கிறார்கள்.

கோயில் கலசத்துல இரிடியம் இருக்கு, அரிசியை இழுக்குது, கோடிக்கு விலைபோகும்னு ஒருத்தர் கூப்பிடுறார்.

போகாதீர்கள். இரிடியம் பிளாட்டின வகை உலோகம். அது அரிசியை இழுக்காது. இடி விழுந்து செம்பு இரிடியமாகவும் ஆகாது. அரிசியில் இரும்புத்தூள் தோய்த்து, பாத்திரத்துக்குள் காந்தம் ஒளித்துக் காட்டுவார்கள். பிறகு 'சோதனைக் கட்டணம்', 'விஞ்ஞானி வரும் செலவு', 'பாதுகாப்பு உடை' என்று தவணை தவணையாகப் பணம் கறப்பார்கள். பொருளை வாங்க யாரும் வரமாட்டார்கள். நேரே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கிணறு வெட்டும்போது நிஜமாவே ஏதாவது கிடைச்சா என்ன செய்யணும்?

தோண்டுவதை நிறுத்துங்கள். பொருளை எடுக்காமல், அளவுகோலோ பேனாவோ பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஆழத்தையும் இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். கழுவாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் தெரிவியுங்கள், அவர் வழியாக ஆட்சியருக்குப் போகும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் ஓராண்டுவரை சிறை. தெரிவித்தவருக்குச் சட்டத்தில் உரிமையும் உண்டு.

வீட்டில் பரம்பரையாக இருக்கும் பொருள் வேறு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை போன்றவையும், 75 ஆண்டு கடந்த சுவடிகளும் தொல்பொருள். வைத்திருக்கலாம், பதிவு செய்ய வேண்டியவற்றைப் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஓலைச்சுவடி இருந்தால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைக் கேளுங்கள். அங்கும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியவை.

அறிஞர்களே அடிக்கடி மாத்திப் பேசுறாங்க. அப்புறம் அவங்களை மட்டும் ஏன் நம்பணும்?

ஆளை நம்பச் சொல்லவில்லை, வழியைப் பாருங்கள். அரிக்கமேடு பற்றிய பதிலில் சொன்னதுபோல் வீலரைத் திருத்தியது யாரோ ஒரு யூடியூப் காணொளி அல்ல. அதே மேட்டை மறுபடி தோண்டியவர்களும், அதே ஓட்டுத் துண்டின் மண்ணைச் சோதித்தவர்களும்தான். குழி எண், ஆழம், படம், மாதிரி எடுத்த இடம் எல்லாம் வெளியில் இருந்ததால் அது முடிந்தது. அவற்றைத் தராத கூற்று எவ்வளவு பெரிய பேராசிரியர் சொன்னாலும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்க வேண்டும். தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

நான் வாங்கினது போலின்னு தெரிஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். போலியும் ஒரு சான்று. எந்தக் காலத்தில், எந்தப் பட்டறையில், எதைப் பார்த்துச் செய்தார்கள் என்பது அடுத்த போலியைப் பிடிக்க உதவும். பழசு என்று சொல்லி இன்னொருவருக்கு விற்றால் நீங்களும் குற்றவாளி; நட்டத்தை உங்களோடு நிறுத்துங்கள். ரசீது, விளம்பரப் படம், பேசிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துப் புகார் கொடுங்கள். பொருளை ஜிப் உறையில் போட்டு, 'நகல்' என்று எழுதிய அட்டையும் வாங்கிய தேதி, இடம், விலையும் உள்ளே வையுங்கள். பொருளின்மேல் எதையும் ஒட்டவோ எழுதவோ வேண்டாம். அட்டையில் பென்சிலால் எழுதினால் ஈரத்தில் ஊறினாலும் அழியாது.